எண்ணெயை விற்றுவிட்டு வீட்டில் காற்றாலை வைப்பது நேர்மையா?

2025 பிப்ரவரி 4, காலை (கேள்வி)

நார்வேயில் சென்ற ஆண்டு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அந்த மின்சாரமும் பெரும்பாலும் அருவியும் அணையும் தருவது. அதே நாடு ஐரோப்பாவுக்குக் குழாய் வழியே எரிவாயுவை இரவு பகலாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. தன் வீட்டில் புகை வரக் கூடாது. பக்கத்து வீட்டில் புகைந்தால் காசு. இதற்குப் பெயர் கொள்கையா, ஊருக்கு உபதேசமா? எரிபொருள் ஏற்றுமதி செய்யும் எந்த நாடும் 'பசுமை' என்ற சொல்லை வாயில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2025 பிப்ரவரி 4, இரவு (பதில்)

மறுக்கிறேன். பாதிதான்.

முதலில் எது முன்னே, எது பின்னே என்று பார்ப்போம். எண்ணெய்க் காசில் பசுமை வேடம் போடுவதற்காக அவர்கள் அணை கட்டவில்லை. அணை முன்னே வந்தது, எண்ணெய் பின்னே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலாளிகள் அருவிகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார்கள். அந்த நாடு பதறிப்போய்ச் சட்டம் போட்டது: தனியார் மின்சாரம் எடுக்கலாம், ஆனால் உரிமக் காலம் முடிந்ததும் அருவி, அணை, இயந்திரம் எல்லாம் விலையின்றி அரசுக்கு வந்து சேர வேண்டும். வடகடலில் எக்கோஃபிஸ்க் என்ற எண்ணெய் வயல் தெரியவந்தது 1969 கடைசியில். அதற்குள் 'இயற்கை தந்தது ஊருக்குச் சொந்தம், எடுப்பவன் வாடகை கொடு' என்ற பழக்கம் அங்கே அறுபது ஆண்டு முற்றியிருந்தது. எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தின் மீது இன்று 78 விழுக்காடு வரி விழுகிறதென்றால், அது அந்த அருவிச் சட்டத்தின் பேரப்பிள்ளை.

அடுத்தது, வீட்டில் எரிக்காத ஒவ்வொரு கன மீட்டர் வாயுவும் பூமிக்கு மிச்சம். இதை ஏன் குற்றமாகப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

2025 பிப்ரவரி 5

'எந்தத் தகுதியில் பேசுகிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். தகுதி ஒன்றும் இல்லை. 22 ஆண்டுகள் கப்பலில் இன்ஜின் அறைக்காரன். அதில் கடைசிப் பத்து ஆண்டுகள் எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, ஏற்றும் கப்பல்களில், பெரும்பாலும் அந்தச் சரக்கைக் கவனிக்கும் கார்கோ இன்ஜினியராக. நீங்கள் பேசும் ஏற்றுமதியின் வால்வைத் திறந்து மூடியவன்.

ஒரு கணக்கு தருகிறேன், எவ்வளவு பெரிய பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியட்டும். நான் கடைசியாக ஓட்டியது 1,45,000 கன மீட்டர் கப்பல். இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது தண்ணீர் போலத் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு முழுச் சுமை ஏறக்குறைய 65,000 டன். அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 88 கோடி யூனிட். ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் நல்ல வெயிலில் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் தரும் என்று வைத்தால், ஒரே ஒரு கப்பல் சுமைக்கு ஈடாக 550 மெகாவாட் சூரிய நிலையம் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டும். ஒரு கப்பலுக்கு மட்டும் இவ்வளவு. சுமை ஏற்ற எங்களுக்கு ஒரு நாள்கூட ஆகாது.

2025 பிப்ரவரி 5, மாலை (திருத்தம்)

மேலே உள்ள கணக்கு தவறு. ஒருவர் மரியாதையாகவும் இன்னொருவர் மரியாதை இல்லாமலும் சுட்டிக்காட்டிவிட்டார்கள். 88 கோடி யூனிட் என்பது வெப்பம். அதை மின்சாரமாக்கும்போது நல்ல மின்நிலையத்திலும் பாதி காற்றில் போய்விடும். 44 கோடி யூனிட் மின்சாரம்தான் கையில் நிற்கும். எனவே 550 அல்ல, 275 மெகாவாட். கொதிகலன் பக்கத்திலேயே வாழ்ந்தவன் இந்தப் பிழையைச் செய்யலாமா என்று கேட்டால், செய்யக் கூடாதுதான்.

ஆனால் இந்தப் பிழையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. சூரிய மின்சாரத்தையும் எரிபொருளையும் டன்னுக்கு டன், ஆற்றலுக்கு ஆற்றல் என்று ஒப்பிடுகிறவர்கள் எல்லாரும் நான் விழுந்த குழியில்தான் விழுகிறார்கள். எரிபொருளில் பாதி சூடாக வீணாகிறது. காரில் அதைவிட மோசம். எரிபொருள் முழுவதற்கும் ஈடுகட்டத் தேவையில்லை, அது செய்த வேலைக்கு ஈடுகட்டினால் போதும்.

2025 பிப்ரவரி 9

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

குளிர்காலம், வடக்கே ஒரு துறைமுகம், பெயர் வேண்டாம். சுமை ஏறிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து நீண்டு வரும் லோடிங் ஆர்ம்கள், சரக்கு ஏற்றும் குழாய்கள், தும்பைப்பூப் போல வெளுத்து, உறைபனி விரல் பருமனுக்கு ஏறியிருந்தது. அதற்கு நேர் கீழே கப்பலின் பக்கவாட்டில் கடல்நீரைத் திரைபோல் ஓடவிடுவோம். சரக்கு ஒரு சொட்டு சிந்தினாலும் அந்தக் குளிரில் இரும்பு கண்ணாடிபோல் விரிசல் விட்டுவிடும், தண்ணீர்தான் காவல். அவ்வப்போது குழாயிலிருந்து பனிப்பாளம் கழன்று அந்தத் தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். ஆலைக்குப் பின்னால், மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் ஃப்ளேர் கோபுரத்தில் மஞ்சள் தீ. அதற்கும் பின்னால், குன்றின் மேல், வரிசையாகச் சிவப்பு விளக்குகள் ஒரே நேரத்தில் கண் சிமிட்டின. மூன்றாம் இன்ஜினியர் பையன் ஒருவன், நம் ஆள்தான், என்னிடம் கேட்டான்:

"சார், அது என்ன விளக்கு?"

"காற்றாலை."

"இந்த ஆலைக்கா?"

"ஊருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்படியென்றால் நாம் ஏற்றுவது யாருக்கு சார்?" என்றான்.

நான் துறைமுகத்தின் பெயரைச் சொன்னேன். அவன் கேட்டது அது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் ஆலை வாசலில் டாக்சிக்கு நின்றோம். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்றது. பையன் துள்ளிக் குதித்தான். மின்சார டாக்சி.

2025 பிப்ரவரி 10

'கதை நன்றாக இருக்கிறது, வாதம் எங்கே?' என்று கேட்டவருக்கு: வருகிறது. தரையிறங்கிய மாலுமிக்கு நேரம்தான் நிறைய இருக்கிறது.

2025 பிப்ரவரி 16

ஒரு வாரமாக அந்தப் பையனின் கேள்வி குடைந்துகொண்டிருக்கிறது. பிப்ரவரி 4 அன்று 'வீட்டில் எரிக்காத ஒவ்வொரு கன மீட்டரும் பூமிக்கு மிச்சம்' என்று எழுதினேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறுகிறேன். என்னைத் திருத்தியது எந்தக் கட்டுரையும் அல்ல, மெல்கோயா.

மெல்கோயா என்பது நார்வேயின் வட கோடியில் உள்ள தீவு. ஹம்மர்ஃபெஸ்ட் ஊருக்குப் பக்கத்தில். அங்கே எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலை இருக்கிறது. திரவமாக்குவது என்றால் மாபெரும் குளிர்பதனப் பெட்டியை ஓட்டுவது. அதற்கே ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். இதுவரை தன் வாயுவில் ஒரு பகுதியைத் தானே எரித்து ஓட்டுகிறது. அதனால் ஆண்டுக்கு 8.5 லட்சம் டன் கரியமில வாயு. 2023 ஆகஸ்ட்டில் அரசு ஒப்புதல் கொடுத்தது: இனி கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம், எரிக்க வேண்டாம். நாட்டின் உமிழ்வுக் கணக்கில் 8.5 லட்சம் டன் குறையும். எல்லாரும் கைதட்டலாம்.

இப்போது இன்ஜின் அறைக்காரனின் கேள்வி: எரிக்காத அந்த வாயு எங்கே போகும்? ஒரு டன் மீத்தேனை எரித்தால் 2.75 டன் கரியமில வாயு வரும். திருப்பி வகுத்தால், மிச்சமாகும் வாயு ஏறக்குறைய 3 லட்சம் டன். என் கப்பலுக்கு ஐந்து சுமை, கொஞ்சம் குறைவு. அதை யாரும் குகைக்குள் பூட்டி வைக்கப்போவதில்லை. ஏற்றுவார்கள். வேறொரு நாட்டில் எரியும். அதே 8.5 லட்சம் டன், இன்னொருவர் கணக்கேட்டில்.

புகை இடம் மாறியது, அளவு மாறவில்லை. வீட்டில் வரும் சுத்தமான மின்சாரம் ஏற்றுமதிக்கு எதிர்ப்பக்கத் தராசுத்தட்டு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்றுமதியின் பம்பு. நான் அந்தப் பம்பின் மறுமுனையில் நின்றிருந்தேன்.

இதே கதை கடலிலும். யோஹன் ஸ்வெர்த்ரூப் என்ற நார்வே எண்ணெய் வயல் கரையிலிருந்து கேபிள் வழியே வரும் நீர்மின்சாரத்தில் ஓடுகிறது. அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க வெளியாகும் கரியமில வாயு ஒரு கிலோவுக்கும் குறைவு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பொய்யில்லை. அந்தப் பீப்பாயை எரித்தால் 400 கிலோவுக்கு மேல் என்பதை மட்டும் அதே மூச்சில் சொல்வதில்லை.

2025 பிப்ரவரி 17

நேற்று எழுதியதில் ஓட்டை இருக்கிறது, யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து சுமை போய்ச் சேரும் நாட்டில் நிலக்கரியை விரட்டினால்? நிலக்கரி மின்சாரத்தில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கும் குறைவுதான் எரிவாயு மின்சாரத்தில் வரும். அப்படியானால் உண்மையிலேயே லாபம். காற்றாலையை விரட்டினால் நஷ்டம். இரண்டில் எது நடக்கிறது என்பது வாங்குகிறவன் கையில் இருக்கிறது. விற்கிறவன் நல்லதை மட்டும் நினைத்துக்கொண்டு தூங்கப்போகிறான்.

இந்த 'பாதி' என்ற கணக்கும் வாயு கசியாமல் இருந்தால்தான். மீத்தேன் எரியாமல் காற்றில் கலந்தால் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். என் பழைய கப்பல் நீராவிக் கப்பல், கொதிகலனில் வாயு நன்றாக எரிந்துவிடும். பிறகு வந்த இரட்டை எரிபொருள் இன்ஜின்களில் எரிபொருள் சிக்கனம் அருமை. ஆனால் சிலவற்றில் எரியாத மீத்தேன் புகைபோக்கி வழியாக நழுவும். வண்ணமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கியைப் பார்த்தால் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கும்.

2025 பிப்ரவரி 20

'நார்வேயை மட்டும் ஏன் போட்டு அடிக்கிறீர்கள்' என்கிறார்கள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவனைத்தான் ஊர் அதிகம் பேசும்.

சவூதி அரேபியாவைப் பாருங்கள். அங்கே கோடையில் ஏசி ஓடுவதற்காகக் கச்சா எண்ணெயையே மின்நிலையத்தில் எரிக்கிறார்கள், நாளொன்றுக்குப் பல லட்சம் பீப்பாய். விற்றால் டாலர், எரித்தால் மலிவு மின்சாரம். 2030க்குள் மின்சாரத்தில் பாதி புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று அவர்கள் இலக்கு வைத்தபோது பலர் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. சூரியத் தகடு ஒவ்வொன்றும் ஒரு சிறு எண்ணெய்க் கிணறு அவர்களுக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராகா அணுமின் நிலையமும் அப்படித்தான். நான்கு உலைகள், 5,600 மெகாவாட். நான்காவது 2024 செப்டம்பரில் முழுவீச்சில் வந்தது. உள்ளூரில் எரிந்திருக்க வேண்டிய வாயு அந்த அளவுக்கு மிச்சம்.

அசர்பைஜான் இன்னும் வெளிப்படை. நாங்கள் காற்றாலை வைப்பதே ஐரோப்பாவுக்குக் கூடுதல் வாயு விற்கத்தான் என்று சொல்லியே செய்கிறார்கள். 2024 நவம்பரில் பாகுவில் காலநிலை மாநாட்டைத் தொடங்கிவைத்து, எண்ணெயும் வாயுவும் கடவுளின் கொடை என்று பேசியவர் அந்த நாட்டு அதிபர். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் சொல்லாமல் செய்கிறார்கள்.

2025 மார்ச் 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'அப்படியானால் நான் சொன்னதுதானே சரி, எல்லாரும் வேடதாரிகள்' என்கிறார். அவசரப்படாதீர்கள். வேடம் போட்டவர்களைவிட, மேடை கட்டியவர்களை முதலில் பார்க்க வேண்டும்.

நாடுகளின் உமிழ்வுக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது? எரிகிற இடத்தில். எடுத்தவன் கணக்கில், எடுக்கும்போது ஆன புகை மட்டும். இது சதி அல்ல. இரண்டு பக்கமும் எழுதினால் ஒரே புகை இரண்டு முறை எண்ணப்படும். ஆனால் விதி இப்படி இருக்கும்போது, ஏற்றுமதியாளனுக்கு மதிப்பெண் வாங்க ஒரே வழி வீட்டைச் சுத்தமாக வைப்பதுதான். அவன் அதைத்தான் செய்கிறான்.

வடகடலில் ஸ்லைப்னர் என்று ஒரு வாயு வயல். அங்கே வரும் வாயுவில் கரியமில வாயு கலந்தே வருகிறது. பிரித்தெடுக்காமல் விற்க முடியாது. பிரித்ததைக் காற்றில் விடலாம், ஆனால் 1991இல் நார்வே கரிம வரி போட்டுவிட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு. 1996 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் கடலடிப் பாறைக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். உலகுக்கே முன்னோடி. வரி எங்கே விழுந்ததோ அங்கே மூளை வேலை செய்தது. எரிக்கும் புகையின் வரி விற்பவன்மேல் விழவில்லை. அங்கே மூளை ஓய்வெடுத்தது.

இதில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. 2024 ஜூனில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஓர் எண்ணெய்க் கிணற்று வழக்கில், அனுமதி தருவதற்கு முன் அந்த எண்ணெய் எரிந்தால் வரும் புகையையும் கணக்கில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மூன்று நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். எண்ணெய் வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்காதே என்றது. அந்தப் பையன் கேட்ட கேள்வியேதான், சட்ட மொழியில்.

2025 மார்ச் 15

'நான் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்.' இதை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். கப்பலில் இதை நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், எனக்கு நானே. சாராயக் கடைக்காரரும் இதையே சொல்வார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு நாடு உண்டு: எக்வடோர். யசுனி காட்டுக்கு அடியில் 80 கோடிப் பீப்பாய்க்கு மேல் எண்ணெய். 2007இல் அதிபர் கொர்ரேயா உலகத்திடம் சொன்னார்: இதை எடுக்காமல் விடுகிறோம், நாங்கள் இழக்கும் வருமானத்தில் பாதியை, 360 கோடி டாலரை, நீங்கள் கொடுங்கள். நியாயமான பேரம். 2013 வரை கையில் வந்தது சுமார் 1.3 கோடி டாலர். ஆயிரம் ரூபாய் கேட்டவனுக்கு நான்கு ரூபாய்க்கும் குறைவாகப் போட்டதுபோல. அவர் வெறுத்துப்போய்த் திட்டத்தைக் கைவிட்டார், எண்ணெய் எடுத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 2023 ஆகஸ்ட்டில் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 59 விழுக்காட்டினர் எடுப்பதை நிறுத்து என்றார்கள். பணக்கார நாடு அல்ல. அந்த எண்ணெய்க் காசு அவர்களுக்கு உண்மையிலேயே தேவை. ஓர் ஆண்டு கழித்து அரசு ஒரே ஒரு கிணற்றை மூடிவிட்டு, முழுக்க மூடப் பல ஆண்டுகள் ஆகும் என்றது. ஓட்டுப் போடுவது ஒரு நாள் வேலை, வால்வை மூடுவது அப்படியல்ல.

2025 மார்ச் 16

டென்மார்க்கை மறந்துவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. 2020 டிசம்பரில் புது உரிமங்களை ரத்துசெய்து, 2050க்குப் பின் வடகடலில் எண்ணெய், வாயு எடுப்பதில்லை என்று தேதி குறித்தார்கள். அந்த நேரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிக எண்ணெய் எடுத்த நாடு அது. பாராட்டலாம். ஆனால் கிழட்டு வயல்கள், ஏலத்துக்கும் பெரிய கூட்டம் இல்லை. வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றுக்கு விரதம் இருப்பது கொஞ்சம் சுலபம். இருந்தாலும் தேதி என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. அது இல்லாதவர்கள்தான் ஏராளம்.

2025 மார்ச் 30

இன்று தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968இல் இராக்கைச் சேர்ந்த ஒரு நிலவியலாளர் நார்வேக்குக் குடிபெயர்ந்தார். ஃபாரூக் அல்-காசிம். பாஸ்ராவில் எண்ணெய்க் கம்பெனியில் நல்ல பதவி. மனைவி நார்வேக்காரர். கடைசி மகனுக்கு மூளை முடக்குவாதம். அந்தச் சிகிச்சைக்காகவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். மனைவியின் ஊருக்குப் போகும் ரயிலுக்கு ஆஸ்லோவில் சில மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா இருப்பானேன் என்று தொழில்துறை அமைச்சகத்துக்குப் போய், இங்கே எந்தெந்த எண்ணெய்க் கம்பெனிகள் இருக்கின்றன, வேலை தேட ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டார். அங்கே துளையிட்டு வந்த தரவுகளைப் படித்துச் சொல்லக்கூட ஆள் போதாத நேரம். பட்டியல் கேட்டு வந்தவருக்கு வேலையே கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் நிர்வாகத்தின் அடிப்படை வரைவை எழுதியவர்களில் அவர் ஒருவரானார். இராக்கில் அந்நியக் கம்பெனிகள் எண்ணெயை எப்படி ஆண்டன என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர், என்ன நடக்கக் கூடாது என்று அறிந்திருந்தார்.

அந்த வழியில் வந்ததுதான், எண்ணெய்க் காசைச் சேர்த்து முதலீடு செய்யும் நார்வேயின் எண்ணெய் நிதியம். சட்டம் 1990, முதல் காசு விழுந்தது 1996. 2024 முடிவில் சுமார் 1.7 லட்சம் கோடி டாலர். மக்கள்தொகையோ 56 லட்சம். தலைக்கு மூன்று லட்சம் டாலர். ஆண்டுதோறும் அரசு அதிலிருந்து எடுக்கலாகும் அளவுக்கு ஒரு வரம்பு: 2001இல் 4 விழுக்காடு, 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள்.

இங்கேதான் நான் தலைப்புக்குத் திரும்புகிறேன். 2024இல் அந்த நிதியம் முதலீட்டில் ஈட்டியது 2.5 லட்சம் கோடி குரோனர். அதே ஆண்டு எண்ணெய், வாயுவிலிருந்து அரசுக்கு வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதாவது, விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உலகிலேயே மிகக் குறைவாக உள்ள நாடு இது. நைஜீரியாவோ அல்ஜீரியாவோ நாளை வால்வை மூடினால் சம்பளம் போட முடியாது. இவர்களால் முடியும். மூடவில்லை.

பிப்ரவரியில் இவர்களுக்காக வாதாடியவன் நான்தான் என்பது நினைவிருக்கிறது.

2025 மார்ச் 31

'நார்வே நாளையே வாயுவை நிறுத்தினால் ஐரோப்பா குளிரில் செத்துப்போகும்' என்று காட்டமாக ஒரு பதில். உண்மை. 2022க்குப் பிறகு ரஷ்யக் குழாய்கள் அடைபட்டபோது அந்த இடத்தை அதிகம் நிரப்பியது நார்வேதான். 'மூடவில்லை' என்று நான் எழுதிய தொனி தப்பு. அந்த ஆண்டு மூடியிருந்தால் அதுதான் குற்றமாகியிருக்கும். நான் கேட்பது நாளையை அல்ல. புது வயல் தேடும் உரிமத்தை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே, அதிலிருந்து சொட்டு வர பத்து ஆண்டுக்கு மேல் ஆகும், அது எந்தக் குளிருக்கு?

2025 ஏப்ரல் 12

உள்ளூர்க்காரனின் மின்கட்டணத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. கொள்கை கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் எரிவாயு மலிவாக இருந்தது, வெளியே கொண்டுபோக வழி இல்லாததால். கிளாட்ஸ்டன் துறைமுகத்துக்கு எதிரே கர்ட்டிஸ் தீவில் மூன்று திரவமாக்கும் ஆலைகள் எழுந்தன. 2015 வாக்கில் கப்பல்கள் கிளம்பத் தொடங்கின. அன்று முதல் உள்ளூர் வீட்டுக்காரர் டோக்கியோவோடு போட்டிபோட்டு வாங்க வேண்டியதாயிற்று. வாயு விலை ஏறியது, மின்சாரமும் கூடவே ஏறியது. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் 2006லேயே சுதாரித்து, ஏற்றுமதித் திட்டங்களின் வாயுவில் 15 விழுக்காடு உள்ளூருக்கு என்று எடுத்துவைத்திருந்தது. ஒரே நாடு, ஒரே வாயு. ஒரு கரை புலம்பியது, மறு கரை சமாளித்தது. விதி முன்பே எழுதப்பட்டதா பின்பா என்பதுதான் வேறுபாடு.

இதில் வேடிக்கை, விலை ஏறியதும் சூரியத் தகடு பக்கம் மக்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். இன்று அங்கே மூன்றில் ஒரு வீட்டுக் கூரையில் தகடு இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு காற்றும் வெயிலும். ஏற்றுமதி ஆசையே உள்ளூரைப் பசுமைப் பக்கம் தள்ளிவிட்டது, யாரும் திட்டமிடாமல்.

சுத்தமான மின்சாரத்தையே ஏற்றுமதி செய்தால் பிரச்சினை தீருமா? நார்வே அதையும் பார்த்துவிட்டது. 2021இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கடலடிக் கேபிள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய விலை கேபிள் வழியாக உள்ளே வந்தது. தெற்கு நார்வேயில் கட்டணம் எகிறியது, அரசு ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகையில் 90 விழுக்காடு வரை தானே ஏற்க நேர்ந்தது. இந்த ஜனவரி 30ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சார விதிகளை ஏற்பது பற்றிய சண்டையில் மத்தியக் கட்சி கூட்டணி அரசிலிருந்தே வெளியேறியது. அருவி எங்களுடையது, விலை மட்டும் ஏன் அவர்களுடையது என்பதுதான் வாதம். நூறாண்டுக்கு முந்தைய அருவிச் சட்டக் கோபம் அப்படியே இருக்கிறது பாருங்கள்.

2025 ஏப்ரல் 13

மேலே ஜப்பானைக் குறிக்க 'டோக்கியோ' என்றேன். கர்ட்டிஸ் தீவு வாயு சீனாவுக்கும் கொரியாவுக்கும் மலேசியாவுக்கும்கூடப் போகிறது. பழக்க தோஷம், நான் அதிகம் போனது ஜப்பானுக்கு.

2025 மே 11

காற்றாலைக்கும் மறுபக்கம் உண்டு என்று சொல்லாமல் இந்தப் பேச்சை விட்டால் நான் கப்பல் முதலாளியின் ஆள் ஆகிவிடுவேன், சொன்னாலும் ஆகிவிடுவேன். பரவாயில்லை.

நார்வேயில் ஃபோசன் என்ற இடத்தில் 151 காற்றாலைகள். அது சாமி என்ற பழங்குடி மக்கள் குளிர்காலத்தில் கலைமான் மேய்க்கும் நிலம். 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்கள் செல்லாது, சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியவை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. 2023 பிப்ரவரியில் இளைஞர்கள் அமைச்சக வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் சமரசம், காற்றாலைகளை அகற்றவில்லை.

இப்போது மெல்கோயா ஆலைக்குக் கரை மின்சாரம் கொடுக்கவும் கலைமான் நிலத்தின் ஊடாகத்தான் மின்கம்பி போக வேண்டும். ஒரு மேய்ப்பரின் இடத்திலிருந்து பார்த்தால், வாயு கப்பலேறுவதற்காக அவர் நிலத்தில் கோபுரம் நடுகிறார்கள், அதற்குப் பெயர் பசுமை. அன்றிரவு நாங்கள் பார்த்த சிவப்பு விளக்குகள் யாருடைய நிலத்தில் நின்றன என்று நான் கேட்கவே இல்லை.

2025 ஜூன் 1

கேள்வி கேட்டவர் பொறுமை இழந்துவிட்டார்: 'நான்கு மாதமாகச் சுற்றுகிறீர்கள், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள்.'

சொல்கிறேன். வீட்டில் சுத்தமான மின்சாரம் வைத்துக்கொண்டு எரிபொருள் விற்பது வேடம் அல்ல; அதை ஏற்றுமதிக்குப் பரிகாரம் என்று காட்டும்போது வேடம். 'எங்கள் மின்சாரத்தில் 98 விழுக்காடு சுத்தம்' என்ற பலகையை இனி நான் படிக்கப்போவதில்லை. புது வயல் உரிமம் கடைசியாக எந்த ஆண்டு கொடுத்தாய் என்று கேட்பேன். கடைசிக் கப்பல் எந்த ஆண்டு என்று கேட்பேன். அந்தக் காசு எங்கே இருக்கிறது என்றும் கேட்பேன். மூன்றாவதற்கு நார்வேயிடம் உலகிலேயே சிறந்த பதில் இருக்கிறது. முதல் இரண்டுக்கு இல்லை. உங்கள் கட்சிக்கு முக்கால் பங்கு வந்துவிட்டேன். மீதிக் கால், அந்த வாயுவில் பத்து ஆண்டு சோறு தின்றவனின் கூச்சம்.

2025 ஜூன் 3

அந்த மூன்றாம் இன்ஜினியர் பையன் இதையெல்லாம் படித்திருக்கிறான் போலிருக்கிறது. இப்போது அவனே ஓர் எல்என்ஜி கப்பலில் கார்கோ இன்ஜினியர். நேற்று எழுதியிருந்தான்: "சார், உங்கள் கணக்கு இன்னும் தப்பு."

தப்புதான். ஏற்றிய சுமை முழுவதும் போய்ச் சேருவதில்லை. வழியில் தினமும் கொஞ்சம் ஆவியாகும். அதை எரித்துத்தான் கப்பலே ஓடுகிறது. இறக்கும் இடத்திலும் தொட்டியை ஒட்ட வழிப்பதில்லை. அடியில் கொஞ்சம் விட்டுவைப்போம், ஹீல் என்போம். தொட்டி சூடாகிவிட்டால் அடுத்த சுமையை ஏற்ற முடியாது. குளிரைக் காப்பாற்றச் சரக்கே வேண்டும். இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து போய்விடும்.

எனவே பிப்ரவரி 5ஆம் தேதி மாலை எழுதிய 44 கோடி யூனிட்டை 42 கோடி என்று திருத்திக்கொள்ளுங்கள். சூரிய நிலையம் 262 மெகாவாட் போதும்.